வாதிக்குப் பாத்தியதை இல்லை

எங்கள் கிணற்றில் டீசல் மிதந்ததை யாருமே மறுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துளை போட்ட கம்பெனிக்காரன் மறுக்கவில்லை. அவனுடைய வக்கீல் மறுக்கவில்லை. தீர்ப்புச் சொன்ன முன்சீப்பும் மறுக்கவில்லை. இரண்டு வழக்கு, பல வருஷம், கணக்கில்லாத வாய்தா. அத்தனையிலும் தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இதைக் கேட்க நீ யார்? எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறேன். கோபப்படக் கூடாது என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது.

அறுபதுகளின் பிற்பாதியில் நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டினோம். அப்பா தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதுவரை பள்ளிக்கூடத்து வளாகத்தில் வாத்தியார்களுக்குக் கொடுத்த வீட்டில் இருந்தோம். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். அம்மா பதினெட்டு வருஷம் அந்தக் குழாயடியில் நின்றாள். யார் குடம் முதலில், யார் குடம் நகர்ந்தது என்ற சண்டையில் அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. எல்லோரும் பிடித்துப் போன பிறகு மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வருவாள். தலைமை ஆசிரியர் வீட்டம்மாவின் குடத்துக்கு வரிசையே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வேதாகமத்தில் கடைசியானவர்கள் முந்தினவர்கள் ஆவார்கள் என்று இருக்கிறது. குழாயடியில் அது செல்லாது.

வேளச்சேரி ரோட்டை ஒட்டி ஒருவர் வயல்காட்டை மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். மனைக்காரர் என்றே சொல்கிறேன், நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாங்கியவர்கள் பாதிப் பேர் எங்களைப் போன்ற கிறிஸ்தவ வாத்தியார் குடும்பம், மீதிப் பேர் ரயில்வே குமாஸ்தாக்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பணம் கட்டி முடித்தவுடன் மனைக்காரர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார், இன்ன நம்பர் மனையை ஒப்படைத்தேன் என்று. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வேலி போடலாம், கிணறு வெட்டலாம், வீடும் கட்டலாம். பத்திரம் பிறகு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் ஒரு வேன் வைத்து எல்லோரையும் பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போவார். அதுவரை அந்தச் சீட்டுதான் எங்களுக்குப் பத்திரம். யாரும் சந்தேகப்பட்டதில்லை. மனைக்காரர் பேச்சில் அவ்வளவு வெல்லம்.

வாத்தியார்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. சொந்தப் பெயரில் வீடு இருந்தால் சம்பளத்தில் வாடகைப் படி கிடைக்காது. அதனால் எல்லோரும் மனைவி பெயரில் பத்திரம் எழுதிக்கொண்டு, பள்ளிக்கூட ஆபீசில் மனைவிக்கு வாடகைதாரர் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எல்லா வாத்தியாரும் செய்ததால் அது பொய் என்றே யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாவ அறிக்கை செய்தபோதுகூட இது நினைவுக்கு வந்திருக்காது. காகிதத்தில் வீட்டுக்காரி அம்மா, வெளியில் வீட்டுக்காரர் அப்பா.

கிணறு வெட்டிய நாட்களில் அம்மா சமையலைக்கூட என்னிடம் விட்டுவிட்டு மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஊற்று வந்த அன்று கீழே இருந்த ஆள் ஒரு சொம்பு கலங்கல் தண்ணீரை மேலே அனுப்பினான். அம்மா அதைத் தெளிய விட்டுக் குடித்துப் பார்த்தாள். பிறகு ஒதுங்கிப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நல்ல தண்ணீர். பருப்பு பத்து நிமிஷத்தில் வெந்தது. குடி வந்த பிறகு அவள் காலையில் முதல் காரியமாக யாருக்கும் காத்திருக்காமல் நாலு வாளி இறைத்து வாசலில் கொட்டுவாள். எதற்கு இவ்வளவு வீண் செய்கிறாய் என்று அப்பா கேட்பார். அம்மா ஐந்தாவது வாளியையும் இறைப்பாள்.

மறு வருஷம் பிப்ரவரியில் மனைக்காரர் வந்து பதிவுக்கு வேன் வைத்துவிட்டதாகச் சொன்னார். வாத்தியார்கள் எல்லோரும் கூடி, அந்த நாள் வேண்டாம் என்றார்கள். காரணம், லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம். அது தொடங்குகிற சாம்பல் புதன் முந்தைய வாரமே வந்துவிட்டது. லெந்து நாளில் சொத்து வாங்குவதா, நகை போட்டுக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடுவதா, ஈஸ்டர் முடியட்டும் என்று தீர்மானம். எங்கள் தெருவில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளான நாங்களும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இதில் மட்டும் ஒத்துப்போனோம். பக்கத்து வீட்டு இந்துக் குமாஸ்தா ராகுகாலம் பார்த்து ஆபீசுக்குப் புறப்பட்டதைக் கிண்டல் செய்த அப்பாதான் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை.

“போயிட்டு வந்துடலாங்க. கையெழுத்துதானே? கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார்” என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். நாற்பது நாளில் நிலம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று கேட்டார். அவர் சொன்னது சரி. நிலம் ஓடவில்லை.

வேனைத் திருப்பி அனுப்பிய பத்து நாளைக்குள், எங்கள் பின்பக்கத்தில் விற்காமல் கிடந்த நிலத்துக்கு லாரி லாரியாக இரும்பு வந்து இறங்கியது. தஞ்சாவூர்ப் பக்கம் எண்ணெய் எடுக்கத் துளை போடுவதற்குக் குத்தகை எடுக்கப் பார்த்த ஒரு கம்பெனி. அங்கே போவதற்கு முன் இயந்திரத்தையும் ஆட்களையும் பழக்கிப் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டதாம். அதற்கு மனைக்காரர் தன் நிலத்தை வாடகைக்கு விட்டிருந்தார். எங்கள் ஊரில் எண்ணெய் இருக்கிறது என்று எந்தப் பைத்தியமும் நினைக்கவில்லை. கீழே தோண்டினால் கருங்கல். எண்ணெய் தேடிச் சேதம் வந்தது என்றாலாவது மனசு ஒருவழியாக ஆறும். இவர்கள் தேடக்கூட இல்லை, தேடிப் பழகினார்கள்.

பனைமரம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த உயரத்துக்கு இரும்புக் கோபுரம் எழுந்தது. அப்பாவுக்கு அதைப் பார்த்துப் பரவசம். வேலிப் பக்கம் நின்று கோணமானியால் அளந்து, கோபுரத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டு எங்களுக்கு விளக்கினார். இந்தியா முன்னேறுகிறது என்றார். பகலெல்லாம் டீசல் இன்ஜின் அலறியது. அலமாரியில் பாத்திரம் ஆடியது. துளைக்குள் விடுவதற்கு ஏதேதோ பொடியைச் சேற்றில் கலந்து, எங்கள் வேலிக்கு ஆறடி தள்ளி ஒரு பெரிய குழியில் தேக்கி வைத்தார்கள். துளையிலிருந்து வந்த கழிவும் அந்தக் குழிக்குத்தான். இன்ஜினிலிருந்து ஒழுகிய எண்ணெயும் அதற்குள்தான். குழிக்குக் கரை என்று மண்ணைச் சும்மா குவித்திருந்தார்கள். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கரை உடைந்து சேறு எங்கள் கொல்லை முழுக்கப் பரவியது. எங்கள் கிணற்றுக்கு உறை சரியாகத் தரைமட்டத்தில் நின்றது. மேலே சுவர் எழுப்ப அப்போது வசதியில்லை.

சேறு வந்ததை நாங்கள் பார்த்தோம், தண்ணீர் போனதை முதலில் கண்டுபிடித்தவள் மீன்காரி. கிழக்கே கடலோரக் குப்பத்திலிருந்து கூடையோடு வருவாள். லெந்து நாட்கள் அவளுக்கு நல்ல வியாபாரம். கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீன்தான். எங்கள் கிணற்றடியில் மீனைக் கழுவிக்கொண்டு, ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போவது அவள் பழக்கம். அடுத்த திங்கட்கிழமை வாயில் வைத்த தண்ணீரை அப்படியே துப்பினாள்.

“இன்னாக்கா, தண்ணி ஒரு மாரி கீது. கெரசின் வாட அடிக்குது பாரு.”

அம்மா வாளியை முகத்தருகே கொண்டுபோனாள். நானும் பார்த்தேன். மேலே வானவில் நிறத்தில் படலம். அன்று அந்தத் தண்ணீரில் கழுவிய மீனை நாலு வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மீன்காரிக்கு அன்றைய பிழைப்பு போனது. அதற்கு யார் மேல் அவள் வழக்குப் போடுவாள்? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் வெகுகாலம் கேட்கவில்லை.

மூன்று முறை கிணற்றை இறைத்து வாரினோம். மூன்று முறையும் படலம் திரும்ப வந்தது. சேறு ஊற்றுக்கண் வரைக்கும் இறங்கிவிட்டது என்று கிணறு வாரிய ஆள் சொன்னார். இனி இந்தக் கிணறு ஆகாது, வேறு பக்கம் ஆழமாக வெட்டினால் உண்டு என்றார். கருங்கல்லை வெடி வைத்து வெட்ட எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. வீடு கட்டியதிலேயே எல்லாம் போய்விட்டது. கம்பெனி கொடுத்தால் புதுக்கிணறு. இல்லையென்றால் அம்மா ஆயுசுக்கும் மாடம்பாக்கம் போகிற வழியில் இருந்த பொதுக்கிணற்றிலிருந்து குடம் சுமக்க வேண்டும். எங்கள் வழக்கு முழுவதும் இவ்வளவுதான்.

அம்மா கம்பெனி ஆட்களிடம் போனாள். நிலத்துக்காரரிடம் பேசுங்கள் என்றார்கள். நிலத்துக்காரர் மனைக்காரர்தான். அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, பொதுக்கிணற்றிலிருந்து அம்மா சுமந்து வந்த தண்ணீரில் போட்ட காபியைக் குடித்துவிட்டு, ஈஸ்டர் முடியட்டும், பத்திரத்தோடு எல்லாம் பேசி முடித்துவிடலாம் என்றார். ஈஸ்டர் முடிந்தது. பத்திரம் பதிந்தோம். பேச்சு முடியவில்லை. அதற்குள் கோபுரத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு கம்பெனி போய்விட்டது. குழியை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் புதிதாக வக்கீல் ஆகியிருந்தார். ஆலயத்திலும் எங்களுக்குப் பழக்கம். கட்டணம் வேண்டாம் சார் என்று, கம்பெனி மேல் போடும் கேஸை எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். பதிந்த பத்திரம் அப்போதெல்லாம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பத்திரம் இன்னும் வரவில்லை என்று அப்பா சொன்னபோது, அது யார் பெயரில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. வாத்தியாரைப் பார்த்து மாணவன் எப்படிக் கேட்பான்? ஆனால் ஒரு புத்திமதி சொன்னார். பத்திரம் வரும்வரை உரிமை பற்றிப் பேச வேண்டாம், அந்த வீட்டில் குடியிருந்து கிணற்றை அனுபவித்து வருபவர்கள் என்று குடும்பத்தோடு போட்டுக்கொள்ளலாம், சம்சாரத்தையும் வாதியாகச் சேர்க்கலாம், அது போதும் என்றார்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. குடியிருப்பவன் என்று எழுதுவதா? இத்தனை வருஷம் அடுத்தவன் வீட்டில் குடியிருந்தது போதாதா? அது என் வீடு, என் கிணறு, அப்படியே எழுதுங்கள் என்றார். சம்சாரத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கிற குடும்பம் இல்லை எங்களுடையது என்றும் சொன்னார். மாணவர் தலையை ஆட்டினார்.

பிராதை, அதாவது வழக்கு மனுவை, டைப் அடித்தது நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்பிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். ‘மேற்படி வீடும் கிணறும் வாதிக்கே சொந்தமானவை, வாதியின் தனி அனுபவத்தில் இருந்து வருபவை’ என்ற வரி வந்தபோது என் கை நின்றது. அப்பாவிடம் கேட்டேன், அம்மா பெயரில்தானே பதிந்தோம் என்று.

“அது பள்ளிக்கூடத்துக்காக எழுதினது. இது கோர்ட்டு. நீ அடி” என்றார்.

அடித்தேன். மூன்று கார்பன் வைத்து நாலு பிரதி. ஒரு எழுத்துப்பிழை இல்லை. அம்மா அப்போது பொதுக்கிணற்றில் இருந்தாள். அவளிடம் அந்த வரியை வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அப்பா மேல் எனக்கு உள்ள கோபத்தைப் பற்றி ஐம்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த ஒன்றை அதிகம் சொன்னதில்லை.

கோர்ட்டு ரயிலேறிப் போக வேண்டிய ஊரில் இருந்தது. வாய்தா நாட்களில் அப்பா பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போவார். துணைக்கு நானும் போவேன். வருஷம் ஒன்றுக்கு மேல் இழுத்த பிறகு ஒரு நாள், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து வில்லங்கச் சான்றிதழை நீட்டினார். சொத்து மனைவி பெயரில். கூடவே பள்ளிக்கூட ஆபீசிலிருந்து இன்னொரு காகிதம், அப்பா கைப்பட எழுதியது: இந்த வீட்டில் நான் வாடகைதாரர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாதி எங்கே உண்மை பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புவதாக மெதுவாகச் சொன்னார். கோர்ட்டில் நாலு பேர் சிரித்தார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்புக் கோடு போட்ட மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வாதிக்குப் பாத்தியதை இல்லை. வழக்குப் போடும் உரிமையே அவருக்கு இல்லை என்று தள்ளுபடி. எதிர்த்தரப்பின் செலவையும் வாதியே கொடுக்க வேண்டும். தீர்ப்பு இரண்டு பக்கம். அதில் கிணறு என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரே முறை, சொத்து விவரத்தில்.

அப்பா பத்து நாள் யாரோடும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் வாடகைப் படியை நிறுத்திவிட்டார்கள், அது வேறு. அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுவும் கோபம். ஒரு தட்டையாவது தூக்கிப் போட்டிருக்கலாம். பதினோராம் நாள் அவளே வக்கீல் வீட்டுக்குப் போனாள், என்னைக் கூட்டிக்கொண்டு. அதற்குள் பத்திரம் கைக்கு வந்திருந்தது. அதை மேஜையில் வைத்தாள். அதில் இந்த நிலத்தின் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று புதையலிலிருந்து கல் வரை அத்தனையும் அவளுக்கு என்று எழுதியிருந்தது. ஜலம் என்ற இடத்தில் விரலை வைத்து, இது தண்ணீர்தானே என்று கேட்டாள். வக்கீல் ஆமாம் என்றார்.

இரண்டாவது பிராது அம்மா பெயரில். அதையும் நான்தான் அடித்தேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அடித்தேன்.

அம்மா கூண்டில் ஏறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் புடவை கட்டியிருந்தாள். வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். எந்தத் தேதியில் கரை உடைந்தது, எந்த நாளில் தண்ணீர் கெட்டது, எத்தனை முறை இறைத்து வாரினோம், எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள். மீன்காரியும் சாட்சி சொல்லத் தயாராகத் தன் குப்பத்திலிருந்து வந்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிடவே இல்லை. தண்ணீர் கெட்டதை நாங்கள் மறுக்கவில்லையே என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அவருக்கு வேண்டியது அம்மா சொன்ன தேதி மட்டும். கரை உடைந்தது மார்ச்சில். பத்திரம் ஏப்ரலில். சேதம் நடந்த நாளில் அந்த இடம் இந்த அம்மாளுடையது அல்ல. யாருடையது? மனைக்காரருடையது. அவர் எழுதிக் கொடுத்த சீட்டு பதியாத காகிதம், செல்லாது. ஆகவே வழக்குப் போடும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

இதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள். எங்கள் கிணற்றுக்காகக் கோர்ட்டுக்குப் போகும் உரிமை உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் இருந்தது. கம்பெனிக்கு நிலத்தை வாடகைக்கு விட்ட அதே மனிதருக்கு.

எங்கள் வக்கீல் விடவில்லை. மனைக்காரரிடம் முன்பே பேசி, தன் உரிமையை இந்த அம்மாளுக்கே கொடுத்துவிட்டதாக ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தார். மனைக்காரர் அதைத் தாராளமாக, சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்திருந்தார். ஏன் சிரித்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நிலத்தை விற்கலாம், மரத்தை விற்கலாம், வெறும் வழக்குப் போடும் உரிமையை விற்கவோ கொடுக்கவோ முடியாது, சட்டம் அப்படி என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். முன்சீப் தலையசைத்தார்.

கடைசியாக எங்கள் வக்கீல், பத்திரம் இல்லாவிட்டால் போகிறது, மார்ச் மாதத்தில் அந்த வீட்டில் குடியிருந்து கிணற்றை அனுபவித்தது இந்த அம்மாள்தானே என்றார். இதைத்தான் அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அவசரமே இல்லாமல் கேஸ் கட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். முதல் வழக்கின் பிராது. நான் அடித்தது. ‘வாதியின் தனி அனுபவத்தில்’ என்ற இடத்தைச் சத்தமாக வாசித்தார். புருஷன் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், அனுபவம் அவருடையது மட்டும் என்று. பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“அப்படின்னா அந்த மார்ச் மாசம் அந்தக் கிணத்துக்கு நீங்க யாரும்மா?”

அம்மா அவரை நேராகப் பார்த்தாள்.

“தண்ணி இறைச்சவ” என்றாள்.

முன்சீப் அதை எழுதிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. பேனா அசைந்ததை நான் பார்க்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டாவது தீர்ப்பும் முதல் தீர்ப்பைப் போலவே முடிந்தது, வாதிக்குப் பாத்தியதை இல்லை என்று. அப்பீல் போகலாம் என்றார் வக்கீல். மேல் கோர்ட்டில் நல்ல நீதிபதி அமைந்தால் அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்றார். நல்ல நீதிபதிக்குக் காத்திருக்க எங்களுக்குத் தெம்பு இல்லை. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் ரோட்டில் நடந்தாள். அப்பா ரிட்டயர் ஆன பிறகு சைக்கிளின் பின்னால் இரண்டு குடம் கட்டிக்கொண்டு அவரும் போனார். போகிற வழியில் தெரிந்தவர்கள் யாராவது எதிரில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார். எனக்குத் தாம்பரத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. வேலைக்குப் போகும் முன் நானும் இரண்டு நடை நடந்துவிடுவேன். அம்மாவின் இடது தோள் வலது தோளைவிட இறங்கிவிட்டது. எந்தக் கோர்ட்டிலும் அது சேதக் கணக்கில் வரவில்லை.

மனைக்காரர் பின்னிலத்தையும் மனை போட்டு விற்றார். துளை போட்ட இடத்தில் ஒரு ரயில்வே குடும்பம் வீடு கட்டிக் குடிவந்தது. அவர்கள் வெட்டிய கிணற்றிலும் படலம்தான். அந்த வீட்டுக்காரர் எங்களிடம் வந்து வழக்குப் போடலாமா என்று யோசனை கேட்டார். அப்பா இரண்டு தீர்ப்பையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் காலை பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒரு ஆள் வந்தார். கையில் நோட்டீஸ். தெருவில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. பாழடைந்த கிணறுகளில் கொசு முட்டை இடுகிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அப்பா வாசலுக்கு வந்து, கொடுங்கள் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்த ஆள் காகிதத்தைப் பார்த்து, சொந்தக்காரர் பெயர் பெண் பெயராக இருக்கிறது, அவர்தான் போட வேண்டும், நீங்கள் போட்டால் செல்லாது என்றார். அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்றாள். அவர் வாசித்தார். தங்களுக்குச் சொந்தமான, தங்களுடைய அனுபவத்தில் உள்ள கிணற்றின் கெட்ட தண்ணீரால் பொதுமக்களுக்குக் கேடு உண்டாவதாலும், அதற்குத் தாங்களே பொறுப்பாவதாலும், பதினைந்து நாளுக்குள் தங்கள் செலவில் அதை மூட வேண்டும், தவறினால் தங்கள் மேல் வழக்குத் தொடரப்படும். அம்மா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். அவர் கொஞ்சம் சலித்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். ‘தங்களுக்குச் சொந்தமான’ என்ற இடத்தில் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

“யாருக்குன்னு போட்டிருக்கு?”

“உங்களுக்குத்தாம்மா. உங்க கிணறுதானே?”

அம்மா சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கவில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை, பேனாவைத் திறந்து நீட்டினார். அம்மா அதை வாங்கி, அவர் காட்டிய இடத்தில், சொந்தக்காரர் என்பதற்கு நேராகத் தன் முழுப்பெயரையும் நிதானமாக எழுதிக் கொடுத்தாள்.